ஆமைக்குப் போட்ட கோலம்

தான் சாப்பிட்ட மிச்சத்திலேயே கோலம் போடுகிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

பொடிச்சி அப்படிப்பட்ட ஆள்தான். அவள் ஒரு மணல் நண்டு. சுண்டைக்காய் அளவு இருந்தால் அதிகம். ஆறு கடலில் விழுகிற இடத்தில், ஈர மணலில் ஒரு வளை தோண்டிக் குடியிருந்தாள்.

கடல் உள்வாங்கியதும் பொடிச்சி வெளியே வருவாள். மணலை வாரி வாயில் போடுவாள். அதில் ஒட்டியிருக்கிற சத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்வாள். மீதி மணலைக் குட்டிக் குட்டி உருண்டையாக உருட்டி வெளியே வைப்பாள். அந்த உருண்டைகளை வரிசையாக அடுக்கினால் கோலம். பசி இருக்கிற வரைக்கும் உருண்டை வரும். வயிறு நிறைந்துவிட்டால் உருண்டையும் நின்றுவிடும், கோலமும் நின்றுவிடும். அப்புறம் கடல் ஏறி வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகும். மறுபடி கடல் இறங்கும், மறுபடி பசிக்கும், மறுபடி கோலம்.

முன்பெல்லாம் அந்தக் கரையில் நூறு நண்டுகள் இருந்தன. ஐப்பசி மழையில் ஆற்று வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது. மணலின் ருசி கெட்டுப்போனது. நண்டுகள் எல்லாம் மூட்டை கட்டாத குறையாக அக்கரைக்குக் கிளம்பின.

"வாடி பொடிச்சி, போகலாம்!"

"நான் வரலை. ஆமையக்கா வருவாங்க. கோலம் போட ஆள் வேணும்."

"ஆமைக்கு வாசல் தெளிச்சுக் கோலம் போட நீ என்ன அவ வீட்டு மருமகளா?" என்று சிரித்துக்கொண்டே எல்லாரும் போய்விட்டார்கள். பொடிச்சி மட்டும் நின்றாள்.

அது என்ன கதை என்றால், போன பங்குனியில் ஒரு பெரிய கடலாமை முட்டையிட அந்தக் கரைக்கு வந்தாள். எங்கே குழி தோண்டுவது என்று தெரியாமல் தவித்தாள். பொடிச்சிதான் இடம் காட்டினாள். "என் வளைக்கு நேர் மேலே ராவணன் மீசைப் புல் அடர்ந்து கிடக்கு அக்கா. ஊசி மாதிரி குத்தும். உங்க ஓட்டுக்கு அது ஒண்ணும் பண்ணாது. உடும்பு மாமாவுக்குத்தான் அடிவயிறு மெத்துன்னு இருக்கும். அவர் அந்தப் பக்கமே வர மாட்டார்!"

சொன்னபடியே நடந்தது. தாழம்புதரில் குடியிருக்கிற உடும்பு முட்டை வாசனை பிடித்து வந்து, வயிறெல்லாம் குத்து வாங்கித் திரும்பிப் போனது. பொடிச்சி வளைக்குள் உருண்டு உருண்டு சிரித்தாள்.

கடலுக்குத் திரும்பும்போது ஆமை கேட்டாள், "கடல்ல இருந்து பாத்தா கரையெல்லாம் ஒரே மாதிரி தெரியுதேடி. அடுத்த தடவை இந்த இடத்தை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"உங்க ஓட்டுல இருக்கிற கட்டத்தையே கோலமாப் போட்டு வைக்கிறேன் அக்கா. வட்டமா, வண்டிச் சக்கரம் அளவு. கடல் பக்கம் மட்டும் ஒரு வாசல் விடுவேன். மாசியும் பங்குனியும் ஒரு நாள் தவறாமப் போடுவேன். அந்தக் கோலத்துக்கு நேரா ஏறி வாங்க!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பொடிச்சி தனியாக நின்றாள்.

தனியாக நிற்பது சொல்வதற்குச் சுலபம். கார்த்திகை போனது, மார்கழி போனது. பேச ஆளில்லை. பொடிச்சி தன் வளைக்குள் தலையை விட்டு, "சாப்டியா?" என்று கேட்பாள். "சாப்டேன்" என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வாள். சில நாள் ஒரு உருண்டையை மட்டும் தனியாக உருட்டி எதிரில் உட்காரவைத்து அதனிடம் கதை சொல்வாள். கடல் வந்து அதையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

தை மாதம் ஒரு நாள் காக்கை ஒருவர் வந்து இறங்கினார். கோலத்தைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"ஏ தங்கச்சி! இதை நீயா போட்டே? என்னையும் இப்படிப் போட்டுத் தருவியா?"

மூன்று மாதம் கழித்து ஒரு குரல்! "போடறேன் அண்ணே! நில்லுங்க, ஆடாம நில்லுங்க!"

"சும்மா வேண்டாம். ஒரு துண்டு கருவாடு தர்றேன். ஆனா வாலை மட்டும் மயில் வால் மாதிரி போட்டுரு."

"அப்புறம் அது நீங்கதான்னு யாரு நம்புவாங்க?"

"என் பொண்டாட்டி நம்பினாப் போதும்!"

பொடிச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். மயில் வால் வைத்த காக்கை ஒன்று மணலில் எழுந்து நின்றது. காக்கையின் மனைவி வந்து பார்த்து, "மூக்கு மட்டும் அப்படியே நீங்கதான்" என்று சொன்னாளாம். அதற்கே காக்கைக்கு ஒரு வாரம் கால் தரையில் படவில்லை.

சேதி பரவியது. கொக்கு வந்தது, கீரி வந்தது, தெருநாய்கூட வந்தது. "என்னைப் போடு! என் குட்டிகளைப் போடு!" கருவாட்டுத் துண்டு, இறால் தலை, தேங்காய்ச் சில்லு என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து வைத்தார்கள். பொடிச்சிக்குத் தீனி பெரிதில்லை. படம் போட்டு முடிகிற வரைக்கும் எதிரில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்களே, அது பெரிது. உழைத்தாள், வாங்கினாள். அதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

மாசி பிறந்தது. முதலில் பொடிச்சி சரியாகத்தான் இருந்தாள். கடல் இறங்கியதும் ஆமையக்காவின் கோலம். மிச்சப் பசியில்தான் மற்றவர்களுக்கு. ஆனால் மிச்சப் பசிக்கு எவ்வளவு உருண்டை வரும்? கொக்குக்கு ஒரு கால் குறைந்தது. நாய்க்கு வாலே இல்லாமல் போனது.

"என்னம்மா இது, வாலில்லாம நான் எப்படி வெளியே தலைகாட்டுறது?" என்று நாய் கோபித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு இரண்டு நாள் யாருமே வரவில்லை. கரை மறுபடி பழைய கரையானது.

மூன்றாம் நாள் உடும்பு வந்தது. ஒரு வாய் நிறைய சென்னாக்குன்னி, காய்ந்த பொடி இறால், கொண்டுவந்து பொடிச்சியின் வாசலில் கொட்டியது.

"என்ன கண்ணு, தனியா இருக்கியே! மாமாவைப் பாத்துப் பயப்படாதே. பழசையெல்லாம் நான் மனசுல வச்சுக்கலை. எனக்கும் ஒரு கோலம் வேணும்."

"உங்களை மாதிரியே போடணுமா மாமா?"

"என் மூஞ்சியை யாரு பாக்கறது? தினமும் இங்கே ஒண்ணு போடுறியே, அந்த ஓட்டுக் கோலம், அதைப் போடு. என் தாழம்புதருக்கு நேர் கீழே போடணும். கடல் பக்கம் வாசல் விட மறந்துராதே."

பொடிச்சியின் கால் எட்டும் ஒரே நேரத்தில் நின்றன. "அது ஆமையக்காவோடதாச்சே, மாமா."

"எப்படி அவளோடது? மணல் கடலோடது. வயிறு உன்னோடது. உருட்டுறது உன் வாய். கேட்டவங்களுக்குப் போட்டுக் கொடுத்துக் கூலி வாங்கறதுதானே உன் தொழில்? காக்கைக்கு மயில் வால் போட்டியே, அப்போ அது மயிலோடதுன்னு யோசிச்சியா?"

பொடிச்சி வாசலில் கிடந்த சென்னாக்குன்னியைப் பார்த்தாள்.

உடும்பு குரலைத் தாழ்த்தியது. "நீ தினமும் வந்து போடு. நான் தினமும் சாயங்காலம் உன் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருப்பேன். எனக்கும் யாரும் இல்லை, கண்ணு."

அந்த வார்த்தை பொடிச்சியின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உடும்புக்கு அந்தக் கோலம் எதற்கு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைக் கேட்காமல் இருந்துகொண்டாள். 'போட்டுக் கொடுக்கிறது மட்டும்தான் என் வேலை. அதை வச்சு அவர் என்ன செஞ்சா எனக்கென்ன?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'முதல்ல நம்ம வாசல்ல போட்டுட்டு அப்புறம் அங்கே போடலாம்' என்றும் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் கடல் இறங்கியதும் உடும்பு முதல் ஆளாக வந்து நின்றது. "முதல்ல என்னுது! வெறும் வயித்தோட போட்டாத்தானே கோலம் முழுசா வரும்?"

பொடிச்சி போனாள். தாழம்புதருக்குக் கீழே மணலைத் தின்றாள், உருட்டினாள், அடுக்கினாள். அழகான ஓட்டுக் கோலம், கடலைப் பார்த்த வாசல். கூலியாகக் கிடைத்த சென்னாக்குன்னியையும் தின்றாள். வீட்டுக்கு வந்து தன் வாசலில் ஒரு வாய் மணலை அள்ளினாள். இறங்கவில்லை. வயிறு கும்மென்று இருந்தது. நீங்களே சொல்லுங்கள், விருந்து சாப்பிட்டு வந்தவளை உடனே இன்னொரு பந்தியில் உட்காரவைத்தால் என்ன செய்வாள்?

'இன்னிக்கு ஒரு நாள்தானே' என்று பொடிச்சி வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த நாளும் ஒரு நாளாகத்தான் இருந்தது. அதற்கடுத்த நாளும்.

சரி, உடும்பு பேசிற்றா? முதல் நாள் பேசியது. இரண்டாம் நாள் கொட்டாவி விட்டது. மூன்றாம் நாள் பொடிச்சியே கேட்டுவிட்டாள்.

"உக்காந்து பேசறேன்னு சொன்னீங்களே, மாமா?"

"கோலம் முடிஞ்சதில்ல? ஓரமா நில்லு. கடலை மறைக்காதே!"

சுண்டைக்காய் அளவு நண்டு கடலை மறைக்கிறதாம்! பொடிச்சி ஓரமாகப் போய் நின்றாள். பக்கத்தில் ஆள் இருக்கும்போதே தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வளைக்குள் பேசிக்கொண்டிருந்த நாட்களே தேவலை என்று பட்டது.

பங்குனி மூன்றாம் நாள். பொழுது சாய்கிற நேரம். பொடிச்சி கூலியைத் தின்று முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். அலை ஓரத்தில் ஒரு கறுப்புத் தலை நிமிர்ந்தது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. அப்புறம் சந்தேகமே இல்லாமல் தாழம்புதர்ப் பக்கம் திரும்பியது.

ஆமையக்கா!

பழைய இடத்தில் கோலம் இல்லை. இருக்கிற ஒரே கோலம் உடும்பு வாசலில். ஆமை மெதுவாக மணலில் ஏறினாள். கோலத்தின் வாசலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். துடுப்பு பட்டுக் கலைந்துவிடாமல் சுற்றிக்கொண்டு மேலே போனாள். தாழம்புதருக்குள் இரண்டு கண்கள் அசையாமல் காத்திருந்தன.

பொடிச்சி ஓடினாள். நிறைந்த வயிற்றோடு ஒரு நண்டு எவ்வளவு வேகம் ஓட முடியுமோ அவ்வளவு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஆமை பின்துடுப்பால் குழி தோண்ட ஆரம்பித்திருந்தாள்.

"அக்கா! ஆமையக்கா!"

"பொடிச்சி! வந்துட்டியா!" ஆமையின் முகமெல்லாம் சிரிப்பு. "தூரத்திலேயே உன் கோலத்தைப் பாத்துட்டேன்டி. எத்தனை கரை தாண்டி வந்தேன் தெரியுமா? எங்கேயும் நிக்கலை. என் பொடிச்சி போட்டு வச்சிருப்பான்னு நேரா வந்தேன். ஆனா பாரு, இந்தத் தடவை புல்லு குத்தவே இல்லையே. யாராவது வெட்டிட்டாங்களா?"

புதருக்குள்ளிருந்து உடும்பு கிசுகிசுத்தது. "வாயை மூடிக்கோ! நாளைக்கு ரெண்டு மடங்கு தர்றேன். தினமும் பேசறேன். சத்தியமா பேசறேன்!"

பொடிச்சி ஆமையின் முகத்தைப் பார்த்தாள். உலகத்திலேயே தன்னைத் தேடிக்கொண்டு வந்த ஒரே முகம் அது. உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும். சொல்லாவிட்டால் குஞ்சுகள் போய்விடும்.

"அக்கா, தோண்டாதீங்க. இது உடும்பு மாமா வாசல்." பொடிச்சி குழி ஓரத்தில் போய் நின்றாள். "இந்தக் கோலத்தை நான்தான் போட்டேன். அவர் கேட்டார். கூலி வாங்கிக்கிட்டுப் போட்டேன்."

ஆமையின் துடுப்பு நின்றது.

உடும்பு வாலை வீசிக்கொண்டு வெளியே வந்தது. "நன்றி கெட்டவளே! என் சென்னாக்குன்னியைத் தின்னுட்டு என்னையே காட்டிக் கொடுக்கிறியா?" என்று சீறியது. ஆமை ஒரு துடுப்பு மணலை அள்ளி அதன் கண்ணில் வீசினாள். உடும்பு புதருக்குள் ஓடிவிட்டது.

ஆமை குழியை மூடினாள். பிறகு கேட்டாள், "உன் வாசல்ல இன்னிக்குக் கோலம் இருக்காடி?"

"இல்லை அக்கா."

"ஏன்?"

"வயிறு நிறைஞ்சிருச்சு."

ஆமை திட்டவில்லை. திட்டியிருந்தால் பொடிச்சிக்குத் தாங்கியிருக்கும். "நீ நாலு பேருக்குப் படம் போட்டு நல்லா சாப்பிட்டா எனக்குச் சந்தோஷம்தான்டி," என்றாள். "ஆனா இனிமே கரையில ஒரு கோலத்தைப் பாத்தா, எது எனக்குப் போட்டது, எது கூலிக்குப் போட்டதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"என் வாசலுக்கு வாங்க அக்கா! நான் கூட்டிட்டுப் போறேன். புல்லு அங்கேயேதான் இருக்கு!"

"வயித்துல நூறு குஞ்சை வச்சுக்கிட்டு ஒரு தடவைதான்டி நம்ப முடியும்," என்று சொல்லிவிட்டு ஆமை கடலைப் பார்த்துத் திரும்பினாள். வந்த தடத்திலேயே இறங்கிப் போனாள். போகும்போது கோலத்தைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. நேராக அதன் மேலேயே போனாள். கடல் ஏறி வந்து தடத்தையும் துடைத்தது, உருண்டைகளையும் துடைத்தது.

பொடிச்சி மட்டும் மிச்சம் இருந்தாள்.

மறுநாள் கடல் இறங்கியதும் பொடிச்சி தன் வாசலில் ஓட்டுக் கோலம் போட்டாள். அதற்கடுத்த நாளும் போட்டாள். பங்குனி முடிந்தது, ஆமை வரவில்லை. சித்திரை வந்தது. சித்திரையில் எந்த ஆமை வரும்? பொடிச்சி அப்போதும் போட்டாள். உடும்பு ஒருமுறை தூரத்தில் நின்று, "யாருக்கடி போடுறே, பைத்தியமே?" என்று கத்தியது. பொடிச்சி தலையைத் தூக்கவில்லை. பசி தீர்வதற்குள் கடைசி வரிசை முடிய வேண்டுமே!

ஒரு நாள் காக்கை வந்தார்.

"என்ன தங்கச்சி, நீ கூலிக்குப் போடறதையே விட்டுட்டேன்னு ஊரெல்லாம் பேசிக்கறாங்க?"

"யாரு சொன்னது? கொண்டாங்க கருவாட்டை! ஆனா முதல்ல என் வாசல் கோலம் முடியணும். மிச்சப் பசிக்கு எவ்வளவு வருதோ அவ்வளவுதான். சின்னதாத்தான் வரும், இப்பவே சொல்லிட்டேன். எதுக்குன்னும் சொல்லணும்."

"என் மகளுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரையும் போடணும். சுத்தி இந்த வட்டத்தையும் போட்டா எடுப்பா இருக்கும்."

"பொண்ணு மாப்பிள்ளை சரி. வட்டம் கிடையாது."

"ரெண்டு கருவாடு தர்றேன்!"

"பத்து கொடுத்தாலும் கிடையாது அண்ணே. அது ஒருத்தங்களுக்குப் போட்டது."

காக்கை தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். பொடிச்சி தன் கோலத்தை முடித்தாள். அதற்கப்புறம் மூக்கோடு மூக்கு வைத்த இரண்டு சின்னக் காக்கைகளைப் போட்டாள். நன்றாகவே வந்திருந்தது. காக்கை கருவாட்டுத் துண்டை அவள் முன்னால் வைத்தார்.

கலைக்குக் கூலி வாங்குவது தப்பே இல்லை. ஒருவர் நம்பி வருவதற்காகப் போட்ட கோலத்தை இன்னொருவரிடம் கூலிக்கு விற்பதுதான் தப்பு.

பொடிச்சி கருவாட்டைக் கிள்ளி, பெரிய பாதியைக் காக்கையின் பக்கமே தள்ளினாள்.

"காக்கையண்ணே, இதை நீங்களே வச்சுக்கங்க. அதுக்குப் பதிலா எனக்கு ஒரு வேலை செஞ்சு கொடுங்க. படகுக்குப் பின்னாடியே நீங்க கடலுக்குள்ள வெகுதூரம் போவீங்கல்ல? அங்கே ஆமையக்காவைப் பாத்தா, வரச் சொல்லிக் கேக்க வேண்டாம். கோலம் பழைய இடத்துலதான் இருக்கு, தினமும் இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க, அண்ணே."